நாலு பாட்டு நேரம் அசையாமல் படுங்கள்

வந்தவரை உட்காரச் சொல்லி உபசரிப்பது மற்றவர்கள் தொழில். வந்தவரைப் படுக்கப் போட்டு, அசையாதே, பேசாதே, எச்சிலைக்கூடப் பார்த்து விழுங்கு என்று மிரட்டுவது எங்கள் தொழில். திருவண்ணாமலையில் ஒரு ஸ்கேன் சென்டரில் பதினோரு வருஷமாக எம்.ஆர்.ஐ. மெஷின் ஓட்டுகிறேன். அந்தக் குழாய்க்குள் போய் வந்தவர்கள், போகப் போகிறவர்கள், போகச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை பீரோவில் துணிக்கு அடியில் ஒளித்து வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் என் வணக்கம். கடைசியாகச் சொன்ன கூட்டத்தில் நானும் ஒருத்தன்.

இடது காதில் ஓயாமல் ஒரு 'ங்ங்ங்' சத்தம். காது டாக்டரிடம் போனேன். உள்ளே நரம்பில் கட்டி கிட்டி இருக்கிறதா என்று ஒரு ஸ்கேன் பார்த்துவிடலாம் என்று எழுதிக் கொடுத்தார். மெஷின் என் கையிலேயே இருக்கிறது, சீட்டை மட்டும் ஐந்து மாதம் வெளியே எடுக்கவில்லை. கட்டி என்றால் ஆபரேஷன், ஆபரேஷன் என்றால் அந்தக் காது போனாலும் போகலாம். இத்தனை வருஷம் படம் பார்த்தவனுக்கு இதுகூடவா தெரியாது? ஒற்றைக் காதில் சித்திரைச்செல்வனைக் கேட்டுக்கொண்டு மீதிக் காலத்தை ஓட்டுவதா என்பதுதான் முதலில் வந்த பயம். உயிர் பயம் அப்புறம்தான் வந்தது, நம்புங்கள்.

சித்திரைச்செல்வனைச் சொல்லிவிடுகிறேன். சினிமாக்காரர் இல்லை. தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடுகிறவர். முதல் ஆல்பம் கேசட்டில் வந்தது, இப்போது வருவதெல்லாம் போனில். எங்கள் மெஷின் இடிக்கிற இடியில் படுத்திருப்பவர் மிரளக்கூடாது என்று காதில் ஹெட்போன் மாட்டிப் பாட்டுப் போடுவோம். உள்ளே காந்தம் என்பதால் அதில் கம்பி கிடையாது, ரப்பர் குழாய் வழியாகத்தான் பாட்டு வரும். என்ன பாட்டு போடட்டும் என்று கேட்டால் எங்கள் பக்கத்து ஜனங்கள் யோசிப்பதே இல்லை. "நம்ம சித்திரை இருந்தா போடுங்க" என்பார்கள். என்னோடு வேலை பார்க்கும் நூருல்லா பாயும் அவர் பைத்தியம்தான். அடுத்த அறையில் படம் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டரம்மா மட்டும் எதிலும் சேராதவர். எங்கள் பாட்டைப் பற்றி அவர் அதுவரை சொன்னது "சத்தம்" என்ற ஒரே வார்த்தைதான்.

நிமிஷத்தில் சொன்னால் நம்பமாட்டார்கள்

கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். மல்லாட்டைக் கொல்லையில், அதுதான் வேர்க்கடலைக் காட்டில், குனிந்து குனிந்து செடி பிடுங்கியே இடுப்பைத் தேய்த்துக்கொண்டவர். "எம்மா நேரம் ஆவும்?" என்று கேட்டார். இருபது நிமிஷம் என்றேன். "டவுன் பஸ்காரன்கூட இருவது நிமிசம்தான் சொல்றான்" என்று சொல்லிவிட்டு மேஜையை விட்டு எழுந்துவிட்டார். குழாயைப் பார்த்த பயம், வேறொன்றுமில்லை. நானும் பாயும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தோம். அசையவில்லை, அதாவது படுக்கவில்லை.

அப்புறம்தான் அவர் கதவுக்கு வெளியே பையில் வைத்திருந்த போனில் 'கூடை நிறைய வெயில்' ஆல்பத்தின் முதல் பாட்டு ரிங்டோனாக அடித்தது. "அம்மா, இந்த ஆல்பம் தெரியுமா? இதுல மொதல் நாலு பாட்டு முடியறதுக்குள்ள வெளிய எடுத்துடுவேன்" என்றேன். ஒரு கணம் மனசுக்குள் நாலு பாட்டையும் ஓட்டிப் பார்த்திருப்பார் போல. அவ்வளவுதானா என்று படுத்துவிட்டார். அன்றிலிருந்து எங்கள் சென்டரில் நிமிஷக் கணக்கு ஒழிந்தது. முழங்கால் மூன்று பாட்டு, இடுப்பு நாலு பாட்டு, தலையும் நாலு பாட்டு. வெளியே வந்த அந்த அம்மா புடவையைச் சரிசெய்துகொண்டு ஒரே ஒரு குறைதான் சொன்னார்: "எல்லாம் சரி தம்பி, நாலாவது பாட்டுல கடைசி சரணத்த முழுங்கிட்டியே, அங்கதானே அவன் அழுவான்?"

பந்தை அமுக்கியவர்

படுத்திருப்பவர் கையில் ஒரு ரப்பர் பந்து கொடுப்போம். மூச்சு முட்டினாலோ நெஞ்சு அடைத்தாலோ அதை அமுக்க வேண்டும், நாங்கள் மெஷினை நிறுத்திவிட்டு ஓடுவோம். ஒரு நாள் தாலுகா ஆபீஸில் வேலை பார்க்கும் ஒருத்தர் கழுத்து வலிக்காகப் படுத்திருந்தார். இரண்டாவது பாட்டில் பந்தை அமுக்கினார், அதுவும் மூன்று தரம் விடாமல். பாய் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் ஓடினோம். மேஜையை வெளியே இழுத்து முகத்தைப் பார்த்தால் மனுஷர் அமைதியாக இருக்கிறார்.

சித்திரை பாட்டையே ஏதோ ஒரு கல்யாண மேடையில் வேறு யாரோ பாடியதை பாய் அவசரத்தில் இறக்கி வைத்திருந்தார். ரப்பர் குழாயில் கொரகொரவென்று வருகிற பாட்டு, மேலே சுத்தியலால் அடிக்கிற மாதிரி மெஷின், அதற்கு நடுவில் குரல் மாறியதைக் கண்டுபிடித்துவிட்டார். எங்களுக்கு வந்த கோபத்தை அவர் பேசிய மரியாதை அடக்கிவிட்டது: "பாடறவர் யாருன்னு தெரியல சார், நல்லாத்தான் பாடறார், ஆனா நான் சித்திரைன்னு நம்பி இல்ல படுத்திருக்கேன்?"

பாதி வழியில் இறக்கிவிட்டோம்

அடி அண்ணாமலையில் டீக்கடை வைத்திருக்கும் ஒருத்தர், வயது ஐம்பது இருக்கும். கிரிவலப் பாதையிலேயே கடை என்பதால் பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஊரே நடக்கும்போது இவர் மட்டும் டீ ஆற்றிக்கொண்டு நிற்க வேண்டும். அந்த ஏக்கத்துக்கு அவர் கண்டுபிடித்த வழி சித்திரையின் 'பதினாலு கிலோமீட்டர்' ஆல்பம்; கிரிவலப் பாதையின் நீளம் அதுதான். எட்டுப் பாட்டு, எட்டு லிங்கம். இந்திர லிங்கத்தில் ஆரம்பித்து ஈசான்ய லிங்கத்தில் முடியும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் சுற்றி வந்த கணக்கு என்பது அவர் கட்சி. குழாய்க்குள்ளும் அதையே போடச் சொன்னார்.

முதுகு ஸ்கேன், நாலு பாட்டில் வேலை முடிந்தது. மேஜையை இழுத்து, எழுந்திருங்கள் என்றேன். எழுந்திருக்கவில்லை. கண்ணையும் திறக்கவில்லை. கிரிவலம் போகிறவர் பாதியில் திரும்பக்கூடாதாம். அடுத்த ஆள் வெளியே காத்திருக்கிறார் என்று கெஞ்சி, அவரைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு போய் வரவேற்பறை நாற்காலியில் உட்கார வைத்து, என் போனில் மீதி நாலு பாட்டையும் போட்டுக் கொடுத்தேன். ஈசான்ய லிங்கம் வருகிறவரைக்கும் கண்ணைத் திறக்கவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. முடிந்ததும் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருத்தமாகச் சொன்னார்: "நிருதி லிங்கத்தாண்ட எறக்கி உட்டுட்டீங்களே சார், அப்ப அடி அண்ணாமலையே வரலியே!"

புது ஆல்பம்

ரசிகர்களில் இரண்டு ஜாதி உண்டு. மூன்றாவது ஆல்பத்தோடு சித்திரை தீர்ந்துவிட்டார் என்பவர்கள், அதற்கப்புறம்தான் ஆரம்பித்தார் என்பவர்கள். போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒருத்தர் முதல் ஜாதியில் தலைவர் மாதிரி. தலை ஸ்கேனுக்கு வந்தவர் வரவேற்பறையில் நாலு பேரைக் கூட்டி வைத்து, பணத்துக்காக டிரம்ஸ் சேர்த்துவிட்டான், வார்த்தை தேய்ந்துவிட்டது என்று பொரிந்து தள்ளினார். அந்த வாரம்தான் புது ஆல்பம் வந்திருந்தது. பாய்க்கு விஷமம் தலைக்கேறி, "சார், அதையே போடறேன், கேட்டுட்டு திட்டுங்க" என்று மாட்டிவிட்டார்.

ஸ்கேன் முடிந்து ஹெட்போனைக் கழற்றப் போனவன்தான் பார்த்தேன், ரப்பர் குழாய் மாட்டின இடத்திலிருந்து கழன்று கீழே தொங்குகிறது. இருபது நிமிஷமும் அவர் காதில் மெஷின் சத்தத்தைத் தவிர ஒன்றுமே விழுந்திருக்காது. டக்டக்டக், ங்கீ, டொய்ங் டொய்ங், அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். முகத்தில் ஒரு தெளிவு. எனக்கு எப்படி உண்மையைச் சொல்ல மனசு வரும்? "மொதல்ல எரிச்சலாத்தான் இருந்துச்சி, போகப் போக புடிச்சிடுச்சி. வார்த்தையே இல்லாம ஒரு ஆல்பம் போடணும்னா அதுக்கு ஒரு தில்லு வேணும்ங்க."

அஞ்சாவது பாட்டு

பாட்டுக் கணக்கில் ஒரு ஆபத்து இருக்கிறது என்பதைப் பழனி வந்தபோதுதான் உணர்ந்தேன். செங்கம் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருப்பவர். தீராத தலைவலி. கூட வந்த மனைவி கஸ்தூரி சித்திரையின் பரம ரசிகை, கஸ்தூரியோடு குடித்தனம் நடத்தியதில் பழனிக்கும் எல்லா ஆல்பமும் வரிசை மாறாமல் மனப்பாடம். நாலு பாட்டு என்று சொல்லிப் படுக்க வைத்தேன். மூன்றாவது பாட்டில் தும்மிவிட்டார். படம் கலங்கிவிட்டதால் அந்த ஒரு பகுதியை மட்டும் திரும்ப எடுத்தேன். மைக்கில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, என் தப்பு. உள்ளே அஞ்சாவது பாட்டு ஆரம்பித்தது.

தலையில் ஏதோ கண்டுபிடித்துவிட்டார்கள், அதுதான் அஞ்சாவது பாட்டு ஓடுகிறது என்று மனுஷர் உள்ளேயே முடிவு கட்டிவிட்டார். வெளியே வந்ததும் கஸ்தூரி கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். "அந்த கேசட்டு காணாமப் போவல கஸ்தூரி. சித்திரை கையெழுத்து போட்டு குடுத்தாரே, அது. நான்தான் தெரியாம ரெக்கார்ட் பட்டன அமுக்கி பாதிய அழிச்சிட்டேன். பயந்துபோயி ஏரில வீசிட்டேன். சாவறதுக்கு முன்ன சொல்லிடணும்னு" என்று தேம்பினார். பதினெட்டு வருஷமாக கஸ்தூரி சந்தேகப்பட்டது தன் சொந்தத் தங்கையை. பேச்சு வார்த்தையே நின்றுபோயிருந்ததாம்.

கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா வந்து, தலையில் எந்தக் கோளாறும் இல்லை, கண்ணைப் பரிசோதித்துக் கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்றார். எங்களுக்கெல்லாம் உயிர் வந்தது. பழனிக்கு மட்டும் வந்த உயிர் திரும்பப் போன மாதிரி இருந்தது. கஸ்தூரி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். நிம்மதியும் ஆத்திரமும் ஒன்றாக வந்த குரல்: "நல்லா இருக்கன்னு சொல்லிட்டாங்க இல்ல? எழுந்திரு, மொதல்ல என் தங்கச்சி வூட்டுக்குப் போயி மன்னிப்பு கேளு."

என் முறை

பழனி போன பிறகு சிரித்தேனே தவிர, அன்றைக்கு வீட்டுக்குப் போகிற பஸ்ஸில்தான் என் கதையும் அதுதான் என்று உறைத்தது. ஒரு அஞ்சாவது பாட்டுக்கே அவர் செத்துப் பிழைத்தார், நான் ஐந்து மாதமாகத் தினமும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். மறுநாள் நூருல்லா பாய் பிடித்துவிட்டார். ஹெட்போன் சரியாக இருக்கிறதா என்று நாங்கள் காதில் வைத்துப் பார்ப்போம். "இன்னா குமரேசா, கொஞ்ச நாளா வலது காதுலயே வெச்சி பாக்கற?" என்றார். மழுப்பினேன். விடவில்லை. முந்தின ராத்திரி பீரோவிலிருந்து எடுத்துப் பையில் வைத்திருந்த சீட்டைக் காட்டினேன். தேதியைப் பார்த்தவர் என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. மதியம் கூட்டம் இல்லாத நேரத்தில் மோதிரம், பெல்ட், அரைஞாண் எல்லாவற்றையும் கழற்ற வைத்து, இத்தனை பேரை நான் படுக்க வைத்த மேஜையில் என்னைப் படுக்க வைத்தார்.

பாட்டு வேண்டாம் என்றேன். கேட்காமல் 'கூடை நிறைய வெயில்' போட்டார். காதுக்கும் நாலு பாட்டுதான். மெஷின் போடுகிற ஒவ்வொரு சத்தமும் எனக்கு அத்துப்படி. இது முதல் படம், இது குறுக்குவெட்டு, இது நரம்பை நெருங்கிப் பார்ப்பது என்று எண்ணிக்கொண்டே கிடந்தேன். நாலாவது பாட்டு முடிகிற நேரத்தில் மெஷின் நின்றது. மேஜை நகரும் என்று காத்திருந்தேன். நகரவில்லை.

சக நோயாளிகளே, உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். மெஷின் நின்ற பிறகும் ஆளை வெளியே எடுக்கவில்லை என்றால் எங்கள் அறையில் அதற்கு ஒரே அர்த்தம்தான். படத்தில் ஏதோ இருக்கிறது, டாக்டரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறோம். அஞ்சாவது பாட்டு ஆரம்பித்தது. கடைசி பஸ்ஸும் போய்விட்ட பிறகு சரி நடந்தே போவோம் என்று கிளம்புகிற ஒருத்தனைப் பற்றிய பாட்டு அது. ஆறு நிமிஷம். மெஷின் சத்தம் இல்லாமல் அந்தக் குழாய்க்குள் பாட்டு அவ்வளவு தெளிவாகக் கேட்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. இடது பக்கம் ஒரு தம்பூரா மெலிசாக ஓடிக்கொண்டே இருக்கிறது, கவனித்ததே இல்லை. அந்தக் காதுக்கு இதுதான் கடைசி என்று நினைத்துக்கொண்டு முழுப் பாட்டையும் அதிலேயே கேட்டேன். கையில் பந்து இருந்தது. அமுக்கினால் உடனே சொல்லிவிடுவார்கள். சொல்லிவிடுவார்களே என்றுதான் அமுக்கவில்லை. கண்ணீர் ஓரமாக இறங்கி ஹெட்போனுக்குள் போனது.

பாட்டு முடிந்து மேஜை வெளியே வந்தது. பாயும் டாக்டரம்மாவும் பக்கத்தில் நின்றார்கள். இரண்டு பேரையும் ஒன்றாகப் பார்த்ததும் எனக்கு மிச்சமிருந்த தைரியமும் போய்விட்டது.

"எவ்ளோ பெருசு பாய்?"

"எது?"

"கட்டி."

"இன்னா கட்டி?" என்று பாய் முழித்தார்.

டாக்டரம்மா சொன்னார்: "குமரேசன், காது நரம்பு ரெண்டும் சுத்தமா இருக்கு. ஸ்கேன் அப்பவே முடிஞ்சிடுச்சு. வெளிய ஸ்பீக்கர்ல கேட்டுக்கிட்டிருந்தோம், இந்தப் பாட்ட நடுவுல நிறுத்த மனசு வரல. முடியட்டும், அப்புறம் எடுங்கன்னு நான்தான் சொன்னேன்."

நான் மேஜையில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து, வெட்கமில்லாமல் அழுதேன். அழுதுகொண்டே சிரித்தேன். ஆறு நிமிஷம் என்னைப் பிணமாகக் கிடத்திவிட்டுப் பாட்டுக் கேட்டிருக்கிறார்கள் என்று கோபம் வர வேண்டும், வரவேயில்லை. டாக்டரம்மா காலைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அவரும் நம்ம கட்சி என்பது இத்தனை வருஷத்தில் தெரியாமல் போனதே!

அப்படியானால் அந்த 'ங்ங்ங்' எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். பாட்டு எப்படிக் கேட்பீர்கள் என்று திருப்பிக் கேட்டார். வீட்டுக்குக் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் போக வர, இடது காதில் மட்டும் மாட்டிக்கொண்டு, பஸ் இரைச்சலை மீறிக் கேட்க வேண்டும் என்பதால் முழுச் சத்தம் வைத்து; வலது காது கண்டக்டருக்காகத் திறந்திருக்கும் என்று சொன்னேன். டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார். "காது டாக்டர்கிட்ட இந்த ரிப்போர்ட்ட காட்டி, இதையும் சொல்லுங்க. சத்தத்த பாதியா கம்மி பண்ணுங்க. நீங்க ஜாஸ்தி வெச்சா அவர் ஒண்ணும் ஜாஸ்தி நல்லா பாடிடப் போறதில்ல."

ஐந்து மாதம் பயந்து பயந்து நான் ஒளித்து வைத்திருந்த சீட்டுக்குக் கடைசியில் கிடைத்த வைத்தியம் பாட்டைச் சின்னதாக வை என்பதுதான், அதை என் வீட்டுக்காரி பதினைந்து வருஷமாக எந்த மெஷினும் இல்லாமல் அடுப்படியிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.